கையிருப்பில் குறைந்த பனங்கட்டிக் குட்டான்கள்

கனம் ஆசிரியர் அவர்களுக்கு,

நீரிழிவைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் அவ்வப்போது வருகிற கட்டுரைகளை வெட்டி ஒரு கோப்பில் சேர்த்து வைக்கிறவன் நான். பதினொரு வருடச் சேகரிப்பு, கோப்பு தடித்துவிட்டது. சோற்றைக் குறையுங்கள், சீனியை நிறுத்துங்கள், நாளுக்கு அரை மணித்தியாலம் நடவுங்கள், குளிசையைத் தவறவிடாதீர்கள். எல்லாம் சரியான விடயங்கள்தான், ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு தாள்களிலும் எனக்கிருக்கும் வருத்தத்தைப் பற்றி, பசியில்லாமலே இரவில் நிறுத்த முடியாமல் சாப்பிடுகிற நோயைப் பற்றி, ஒரு வரி கிடையாது. எந்தக் கட்டுரையை எடுத்தாலும் கடைசியில் வாயைக் கட்டச் சொல்லி முடிகிறது. கட்டிப் பார்த்துப் பலமுறை தோற்றவன் என்ன செய்வது என்று எவரும் எழுதுவதில்லை. நானே எழுதிப் பார்க்கிறேன். நீளம் கூடினால் வெட்டுங்கள். குட்டான் கதையை மட்டும் தயவுசெய்து வெட்ட வேண்டாம்.

எனக்கு வயது 64. இருப்பது புதுக்குடியிருப்புப் பக்கம். முப்பத்துநான்கு வருடங்கள் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்தேன், அதில் இருபத்தொரு வருடங்கள் கிளை முகாமையாளராக. எங்கள் தொழிலில் எல்லாரும் பயப்படுகிற ஒரு சொல் இருக்கிறது: குறைவு. பேரேட்டில் அரிசி 412 கிலோ என்று இருக்கும், நிறுத்துப் பார்த்தால் 405 வரும். அந்த ஏழு கிலோவுக்கு முகாமையாளன் பதில் சொல்ல வேண்டும். எலி, ஈரம், சாக்குக் கிழிசல், நிறுவைச் சேதாரம், கள்ளன் என்ற ஐந்துக்கு மேல் காரணம் கிடையாது. சாக்கைத் தடவிப் பார்த்தே இன்னது என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மார்கழியில் என் வீட்டுக் குசினியிலேயே குறைவு விழுந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மைத்துனி கொண்டுவந்த, பனையோலையில் பொதிந்த பனங்கட்டிக் குட்டான் பதினெட்டு. தன் தேநீருக்கும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் என்று மனைவி அவற்றைத் தகரப் பேணியில் போட்டு மேல்தட்டில் வைத்திருந்தாள். பத்து நாட்களில் மிச்சம் ஏழு. "எலி இறங்கியிருக்குமோ?" என்று என்னிடம்தான் கேட்டாள். எலியென்றால் ஓலையைக் கொறித்துச் சிந்தியிருக்கும். இங்கே ஓலைகள் ஒழுங்காகப் பிரிக்கப்பட்டு, அடுப்புச் சாம்பலுக்குள் அழுத்தப்பட்டுக் கிடந்தன. சாம்பலைக் கிளறிய நேரத்தில் அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் ஐந்து காரணங்களில் நாலைப் பற்றி நீளமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

அது நடக்கும் விதத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரவு எட்டரைக்கு மனைவி அளந்து தருவதைச் சாப்பிட்டிருப்பேன். பத்தரைக்கு அவள் படுத்துவிடுவாள். செய்தி முடிந்ததும் நானும் விளக்கை அணைப்பேன். வயிற்றில் பசி இருக்காது. நெஞ்சுக்கும் தொண்டைக்கும் இடையில் ஒரு அந்தரம் மட்டும் இருக்கும், ஏதோ ஒன்றை மறந்துவிட்டு வந்தது போல. தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு எழும்புவேன். குசினியில் விளக்குப் போடுவதில்லை. பாண் இருந்தால் பாண். பருப்புச் சட்டி இருந்தால் அதை வழித்தெடுப்பேன். மறுநாள் பழஞ்சோற்றுக்கு என்று ஊற்றி வைத்த சோறு, பேரப்பிள்ளைக்கு வாங்கிய கிறீம் பிஸ்கட், பால்மாப் பெட்டியில் கரண்டி. நிலத்தில் குந்தியிருந்துதான் சாப்பிடுவேன். வேகம் பொல்லாத வேகம். கறியில் உப்புக் கூடவா குறைவா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. போதும் என்று தலைக்குள் ஒருவன் சொல்லிக்கொண்டே இருப்பான், கை அவனைக் கேட்காது. வயிறு கல்லாகி மூச்சு முட்டும்போதுதான் கை நிற்கும். பிறகு சத்தமில்லாமல் சட்டியைக் கழுவி வைத்துவிட்டு மனைவிக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்வேன்.

விடிந்ததும் தராசுக்காரப் புத்தி கணக்குப் பார்க்கும். ஒரு இறாத்தல் பாண் 450 கிராம். அரை இறாத்தல் என்றால் 225. அதில் ஏறக்குறையப் பாதி மாச்சத்து, நூறு கிராமுக்குக் குறையாது. உள்ளே போனால் அவ்வளவும் சீனியாகத்தான் மாறும். ஒரு தேக்கரண்டிச் சீனி நாலைந்து கிராம்தான். பகல் முழுவதும் வெறும் தேநீர் குடித்து, கல்யாண வீட்டில் பயற்றம் பணியாரத்தைக் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டு, இரவில் இருபது தேக்கரண்டிக்கு மேலே.

மனைவி அலுமாரிக்குப் பூட்டுப் போட்டாள். திறப்பை மல்லித்தூள் பேணிக்குள் ஒளித்தாள். முப்பத்துநான்கு வருடம் களஞ்சியத் திறப்போடு வாழ்ந்தவனிடம்! இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன். மல்லித்தூள் கையில் மணந்ததால் அவளும் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். இதை இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்றைக்கு இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

இனிக் கிளினிக் விடயத்துக்கு வருகிறேன். எந்த வைத்தியசாலை என்று எழுதமாட்டேன். ஏனென்றால் இது ஒரு வைத்தியசாலையின் பழக்கம் மட்டும் அல்ல என்று என்னுடன் வரிசையில் இருந்த பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

கூட்டுறவுக் கடைகளில் கணக்காய்வு நாள் என்று ஒன்று வரும். முன்கூட்டியே தெரிந்துவிட்டால் சில முகாமையாளர்கள் பக்கத்துக் கிளையில் நாலு மூட்டை கடன் வாங்கி அடுக்கிவிடுவார்கள். கணக்காய்வாளர் எண்ணிவிட்டுப் போனதும் மூட்டைகள் திரும்பிப் போய்விடும். நானும் கிளினிக்குக்கு அதையே செய்தேன். திகதிக்கு மூன்று நாட்களுக்கு முன்பிருந்து இலைக்கஞ்சியும் கீரையும். வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தப் பரிசோதனை 118, 124 என்று அழகாக வரும். ஊரில் பாதிப்பேர் இப்படித்தான் செய்கிறார்கள், இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. என்னைப் பிடித்தது எச்பிஏ1சி என்ற மற்றப் பரிசோதனை. இரத்தத்தில் மிதக்கும் சீனி செங்குழியங்களில் இருக்கும் ஈமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். ஒரு செங்குழியத்தின் ஆயுள் நூற்றிருபது நாட்கள் அளவில். ஆகையால் அந்த ஒரு துளிக்குள் இரண்டு மூன்று மாதப் பேரேடு எழுதப்பட்டிருக்கிறது. கடன் வாங்கிய மூட்டைகளை அதற்குக் காட்ட முடியாது. பொதுவாக ஏழுக்குக் கீழே இருக்கச் சொல்வார்கள். எனக்கு 9.4. சராசரியாகப் பார்த்தால் இரத்தச் சீனி 220 அளவில் இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

அன்று கொப்பியைத் திறந்தவர் இலக்கத்தை உரத்து வாசித்தார். பின்னால் வாங்கில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். அதில் என் பழைய வாடிக்கையாளர்கள், நான் அரிசி நிறுத்துக் கொடுத்தவர்கள். "படித்தவர் நீங்கள், இப்படி வாய் அடங்காமல் சாப்பிட்டால் காலை வெட்டத்தான் வேண்டிவரும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஒரு காலை நேரத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பார்த்து அனுப்ப வேண்டியவர்களுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? ஆனால் அன்றிரவு நான் என்ன செய்தேன் என்று அவருக்குத் தெரியாது. அரை இறாத்தல் போதவில்லை, முழு இறாத்தல்.

அதற்கடுத்த மாதம் இடமாற்றத்தில் ஒரு தாதி வந்திருந்தார். என் மகளை விட இளையவர். கொப்பியைப் புரட்டி இரண்டு இலக்கங்களையும் பார்த்தார். நாற்காலியைக் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கொண்டு, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில், "ஐயா, தனியாக இருக்கும்போதுதான் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றுதான் பதினொரு வருடமும் கேட்டிருக்கிறார்கள். எப்போது, யார் இல்லாதபோது என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எனக்குப் பதில் வரவில்லை, கண்தான் நிறைந்தது. அவர் வைத்தியரிடம் சொல்லி உளநலப் பிரிவுக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார்.

அந்தத் துண்டு ஏழு வாரங்கள் என் சட்டைப் பையிலும் பிறகு கோப்பிலும் இருந்தது. உளநலப் பிரிவு என்று எழுதியிருக்கும் கதவுக்குள் போவதை எங்கள் ஊரில் ஒருவர் கண்டால், அந்தச் செய்தி நான் வீட்டுக்கு வரும் முன்பே வீட்டுக்கு வந்துவிடும். கடைசியில் மனைவிதான் துணைக்கு வந்தாள். தனக்கு நித்திரை வருவதில்லை என்று அவளும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள், ஆட்கள் கேட்டால் அவளுக்காக வந்தோம் என்று சொல்வதற்கு.

அங்கே நான் அறிந்தவை இவை. பசியில்லாமல், குறுகிய நேரத்துக்குள், மற்றவர்கள் சாப்பிடுவதை விட மிக அதிகமாக, நிறுத்த முடியவில்லை என்ற உணர்வோடு சாப்பிடுவதும், வெட்கத்தில் தனியாகச் சாப்பிடுவதும், பிறகு தன்மீதே அருவருப்புக் கொள்வதும் சேர்ந்து வாரத்துக்கு ஒரு முறையாவது மூன்று மாதங்கள் தொடர்ந்தால் அது ஒரு நோய், ஆங்கிலத்தில் 'பிஞ்ச் ஈட்டிங் டிஸோடர்' என்பார்கள். அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட நோய்ப் பட்டியலில் அதற்குத் தனியிடம் கொடுத்திருக்கிறது. பெருந்தீனி, கொதி, அவா என்று எங்கள் ஊரில் சொல்லும் எதுவும் அதற்குப் பெயர் அல்ல. அந்த எல்லை வரை போகாமல், கவலை வந்தால் வாய் தேடுகிறவர்களும் ஏராளம், அது வேறு ஒரு படி. மனவழுத்தம் வேறொரு வேலையும் செய்கிறது. உடம்பில் கோர்ட்டிசோல், அட்ரினலின் போன்ற ஓமோன்கள் கூடும்போது ஈரல் தன்னிடமுள்ள சீனியை இரத்தத்துக்குள் திறந்துவிடும். ஒரு பருக்கையும் வாயில் வைக்காத நாளிலும் கவலை சீனியை ஏற்றும். சாப்பிடவே இல்லை, பிறகு எப்படி ஏறியது என்று கிளினிக்கில் அழுத ஒரு அம்மாவை எல்லாரும் பொய்க்காரி என்று நினைத்தோம், நான் உட்பட. அவரிடம் ஒருநாள் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

உளவளத்துணையாளர் என்னிடம் கேட்டது ஒரு கொப்பி. சாப்பிட்ட நேரம், இடம், பொருள், அதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் மனத்தில் ஓடியது என்று நாலு நிரல். திட்டுவதற்கு அல்ல, பார்ப்பதற்கு மட்டும் என்றார். கொப்பி என்றதும் எனக்கு உயிர் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு என் கையில் ஒரு பேரேடும் இருக்கவில்லை. சிவப்பு மையால் கோடு போட்டு, மாத முடிவில் கூட்டுத்தொகையும் எழுதினேன். கூட்டுத்தொகை தேவையில்லை என்றார். விட முடியவில்லை.

2024 ஜனவரி முதல் ஜூன் வரை நாற்பத்தொரு இரவுகள். அவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, சாக்கைத் தடவிப் பார்த்து எலியா ஈரமா என்று சொன்ன அந்தப் பழைய மூளை விழித்துக்கொண்டது. மழை இரவுகளில் ஒன்றுமில்லை. நான் பயந்த கோயில் திருவிழாக்களில் ஒன்றுமில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்கு வீட்டில் பன்னிரண்டு பேர் தங்கினார்கள். மலை போலச் சாப்பாடு இருந்தும் அந்தக் கிழமை ஒரு பதிவும் விழவில்லை. இரவில் குளிசையைப் போட்டுவிட்டு, முந்திய நாள் தின்றதற்குத் தண்டனையாகச் சாப்பாட்டைத் தவிர்த்த நாட்கள் ஒன்பது, அந்த ஒன்பதிலும் பதிவு உண்டு. ஆறு கிளினிக் நாட்களில் ஐந்து. எஞ்சிய அந்த ஒரு நாள், இலக்கத்தை மெல்லிய குரலில் சொன்ன தாதி கடமையில் இருந்த நாள். பிறகு மே மாதம். முதலாம் திகதியிலிருந்து பதினெட்டாம் திகதிக்குள் மட்டும் பதினொரு இரவுகள்.

சாப்பாட்டைத் தவிர்த்த ஒன்பது நாட்களைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். இதில் உயிராபத்து இருக்கிறது. நான் மெட்போமினோடு கிளிக்கிளசைட் என்ற குளிசையும் எடுக்கிறேன். அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. சாப்பிடாமல் அதைப் போட்டால் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் அப்படியே. ஒருநாள் அதிகாலை இரண்டு மணிக்கு வியர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து எழும்பினேன். மகன் வாங்கித் தந்த கருவியில் 58 காட்டியது. எழுபதுக்குக் கீழே போனால் அது தாழ்சீனி. அந்த நேரத்தில் வருகிற பசி உடம்பு அடிக்கிற அபாய மணி, அதை அடக்கக் கூடாது. மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும் என்று பிறகு சொல்லித் தந்தார்கள். அன்று எனக்கு அது தெரியாது. கையில் அகப்பட்டதெல்லாம் உள்ளே போனது, விடியும்போது 300ஐத் தாண்டிவிட்டது. அதைக் கண்ட பயத்தில் அன்றிரவும் பட்டினி. இந்தச் செக்கை நான் இரண்டு வருடம் சுற்றியிருக்கிறேன், அதைத்தான் கட்டுப்பாடு என்று நம்பிக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

மே மாதத்தைப் பற்றி எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாட்கள் யோசித்தேன்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு வெறும் தேநீர் குடித்த தலைமுறை எங்களுடையது. 2009இல், போரின் கடைசி மாதங்களில், அதுவும் போயிற்று. நாங்கள் கடையையும் கையோடு கொண்டு இடம்பெயர்ந்தோம், சங்கத்தின் மிச்சச் சாமான்களை வைத்து இடத்துக்கு இடம் பங்கீடு கொடுத்தோம். புதுமாத்தளனில், ஏப்ரல் மாதத்தில், தறப்பாளுக்குள் என் பொறுப்பில் அரை மூட்டைக்கும் குறைந்த சீனி இருந்தது. கைக்குழந்தை உள்ள குடும்பங்களுக்கு மட்டும் என்று தீர்மானித்து வைத்திருந்தோம். ஓர் இரவு செல் அடி ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. மனைவியும் பிள்ளைகளும் பதுங்குகுழிக்குள். நான் மூட்டையைக் காக்க வெளியே குந்தியிருந்தேன். சாக்கின் மூலையில் ஒரு கிழிசல் இருந்தது. அதற்குள் விரலை விட்டேன். பிறகு கையை விட்டேன். எத்தனை பிடி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வாழ்க்கையில் நான் நிறுக்காமல் கொடுத்த ஒரே சாமான் அதுதான், கொடுத்தது எனக்கே. மறுநாள் பேரேட்டில் 'சேதாரம்' என்று எழுதினேன். அந்தப் பேரேடு முள்ளிவாய்க்காலில் எங்கேயோ மண்ணுக்குள் கிடக்கிறது.

இப்போது இருட்டுக் குசினியில் நான் குந்தியிருக்கிற இருப்பு அதே இருப்பு. உளவளத்துணையாளரிடம் இதைச் சொல்ல எனக்கு ஐந்து சந்திப்புகள் எடுத்தன. அவர் திடுக்கிடவில்லை. பட்டினி கிடந்த உடம்பு அதை நெடுங்காலம் மறப்பதில்லை என்றார். இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதங்கள் அரைப்பட்டினி கிடந்த கதையைச் சொன்னார். உடல் நிறையில் காற்பங்கு அளவு இழந்தார்களாம். மறுபடி சாப்பாடு கிடைத்தபோது அவர்களில் சிலர் வயிறு வெடிக்குமளவு தின்றும் திருப்தி காணாமல் தவித்தார்களாம். ஆரோக்கியமான, பொறுக்கி எடுக்கப்பட்ட ஆட்கள் அவர்கள், தலைக்கு மேலே செல் விழாத இடத்தில் இருந்தவர்கள். அப்படியிருந்தும் அந்தப் பாடு. அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்டுக் காய்ச்சிய கஞ்சியில் உயிர் பிழைத்த வன்னிச் சனத்தில் எத்தனை பேர் இரவில் எழும்புகிறார்கள் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? ஒவ்வொரு மே மாதமும் கஞ்சி கொடுத்து நினைவுகூருகிறோம். கஞ்சி குடித்தவர்களின் கிளினிக் கொப்பியை எவரும் பார்ப்பதில்லை.

எல்லாருக்கும் என் கதைதான் என்று சொல்லவில்லை. போரைக் காணாதவர்களுக்கும் இது வரும். கடன், மருமகளோடு வழக்கு, வெளிநாட்டுப் பிள்ளையின் தொலைபேசி வராத ஞாயிறு, எதிலிருந்தும் வரும். ஆனால் எங்கள் பகுதியில் அதற்கு விறகு கூட. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டத்தைத் தொடங்கினார்களே, அப்படியான ஒரு கொட்டகையில் வருடக்கணக்காக இருந்துவிட்டு வந்த தாய் ஒருத்தியை எனக்குத் தெரியும். நான் எழுதுகிறேன் என்று சொன்னபோது தன்னையும் சேர்க்கச் சொன்னாள். பகலெல்லாம் பால் தேநீரும் பிஸ்கட்டும், வருகிறவர்கள் அன்போடு கொடுப்பது. இரவில் வீட்டில் தனி. "பெட்டி முடிந்த பிறகுதான் தெரியும் அண்ணை, சாப்பிட்டது நான் என்று" என்றாள். அவளுக்குக் கிளினிக்கில் கொடுத்தது படம் போட்ட உணவுத் தட்டுத் துண்டுப்பிரசுரம். தட்டில் பாதி மரக்கறி, காற்பங்கு சோறு, காற்பங்கு மீன். நல்ல படம். அவள் சாப்பிடுவது தட்டில் அல்ல.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும், எங்கள் சனத்துக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. குரக்கன் புட்டென்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்ற நம்பிக்கையை விடுங்கள். குரக்கன் மாவிலும் நூறு கிராமுக்கு எழுபது கிராம் அளவு மாச்சத்துத்தான். நார் கூட இருப்பது நல்லது, அதற்காக நாலு நீத்துப்பெட்டி அவிப்பதா? குறிஞ்சா இலை வறை உண்டால் குளிசை தேவையில்லை என்று என் காதுக்குள் ஓதுகிறவர்களுக்கும் ஒரு கும்பிடு.

மருந்தாக எனக்குக் கிடைத்தது பெரிய வித்தை ஒன்றும் அல்ல. மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுவது, இடையில் இரண்டு சிறு சாப்பாடு, முந்திய இரவு என்ன நடந்திருந்தாலும் காலைச் சாப்பாட்டைத் தவறவிடாமல் இருப்பது. இந்தக் கடைசியை நம்பவே எனக்கு ஒரு மாதம் சென்றது. இரவில் இறாத்தல் பாணைத் தின்றவனுக்குக் காலையில் இடியப்பம் கொடு என்கிறார்களே! ஆனால் பட்டினி நின்றதும் ஒன்பது பதிவுகளின் வேர் அறுந்தது. அலுமாரிப் பூட்டைக் கழற்றச் சொன்னார்கள், மனைவிக்கு அது பிடிக்கவில்லை. அந்தரம் வந்தால் இருட்டில் போகாமல் விளக்கைப் போட்டு, மேசையில் தட்டை வைத்து, கதிரையில் இருந்து சாப்பிடச் சொன்னார்கள். விளக்கு வெளிச்சத்தில் கதிரையில் இருந்தால் நாலாவது வாய்க்கு மேல் எனக்குப் போகாது. சில இரவுகளில் மனைவி எழும்பி வந்து எதிரே இருப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். ஒருநாள் தனக்கும் ஒரு துண்டு பாண் எடுத்துச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, "உப்புக் குறைவு" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டு இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஆறு மாதத்தின் பின் எச்பிஏ1சி 8.1. இந்த வருடம் 7.6. ஏழுக்கு இன்னும் போகவில்லை. போன கிழமையும் ஒரு இரவு, ரஸ்க் பெட்டி ஒன்று. கொப்பியில் எழுதியிருக்கிறேன்.

சுகாதாரப் பகுதியினரிடம் நான் கேட்பது புதுக் கட்டடம் அல்ல. கிளினிக் கொப்பியில் நிறை, இரத்த அழுத்தம், சீனி என்று கட்டங்கள் இருக்கின்றன. அதன் பக்கத்தில், நிறுத்த முடியாமல் சாப்பிட்ட நாள் உண்டா என்று ஒரு கட்டம் போட எவ்வளவு மை செலவாகும்? இலக்கத்தை வாங்கில் இருப்பவர்களுக்குக் கேட்க வாசிக்காமல் இருக்க ஒரு செலவும் இல்லை. மாதத்தில் ஒரு நாள் உளவளத்துணையாளர் ஒருவர் நீரிழிவுக் கிளினிக்கிலேயே ஒரு மூலையில் இருந்தால், அந்தப் பெயர் எழுதிய கதவுக்குள் போக முடியாமல் துண்டைச் சட்டைப் பையில் வைத்திருப்பவர்கள் நாலு பேராவது வருவார்கள். கிராமத்துக்குக் கிராமம் போகிற குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கலாம், குசினி வரைக்கும் போகிறவர்கள் அவர்கள்தான். வைத்தியசாலைக்குப் போகவே கூச்சப்படுகிறவர்களுக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

வீட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒன்று கேட்கிறேன். குட்டான் குறைந்தால், பாண் குறைந்தால், எண்ணிக் காட்ட வேண்டாம். எண்ணி வைத்தவன் அவன்தான், கணக்கு அவனுக்குத் தெரியும்.

என் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அது ஒரு பெயருக்குத்தான். எங்கள் வீட்டில் தங்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை வாசிக்கிறவள் என் மனைவி. பதினெட்டுக் குட்டானில் ஏழு மிச்சம் என்ற இடத்துக்கு வந்ததும் இது யார் எழுதியது என்று அறிந்துவிடுவாள். புதுமாத்தளனில் அந்த மூட்டைச் சீனிக்கு என்ன நடந்தது என்று மட்டும் அவளுக்கு நான் இதுவரை சொன்னதில்லை. பதினாறு வருடங்களாகச் சொல்லிப் பார்க்கிறேன், நேரே வாய் வரவில்லை. பிரசுரிக்கும் திகதி தெரிந்தால் ஒரு நாள் முன்னதாக அறியத் தாருங்கள். அன்று காலை நான் வீட்டில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை முகாமையாளர்,
புதுக்குடியிருப்பு.